ரங்கூன்காரர்கள் சிரிப்பார்களாம்

இப்போது யாராவது வெளிநாட்டுக்குப் புறப்பட்டால், அங்கே வெயிலா குளிரா, என்ன சாப்பாடு, யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று போய்வந்தவர்களைப் பிடித்துக் கேட்கிறார்கள். கேட்கட்டும். நானும் கேட்டேன். எனக்குக் கிடைத்த பதில் என் இரண்டு காதிலும் தையல் தழும்பாக இன்றும் இருக்கிறது. தலை சீவக் கண்ணாடி முன் நின்றால் கோபம் வருகிறது. வயதானால் தணிந்துவிடும் என்றார்கள். தணியவில்லை.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் பெண்பிள்ளைக்குக் காது குத்துவதோடு விடமாட்டார்கள். குத்திய துளையில் பஞ்சுத் திரி வைப்பார்கள். அப்புறம் ஓலைச்சுருள். அப்புறம் குணுக்கு என்று ஈயத்தில் ஒரு கனத்த வளையம். அதை மாட்டி, மாசக்கணக்கில் இழுபடவிட்டுக் காதை வளர்ப்பார்கள். வளர்ந்து தோளைத் தொட்டால்தான் தண்டட்டி என்ற தங்க நகையைத் தொங்கவிட முடியும். தண்டட்டி ஆடாத காது காதே இல்லை. என் அம்மாவுக்கு அந்த விஷயத்தில் ஊரிலேயே பெரிய பெருமை.

மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது குணுக்குப் போட்ட காது எனக்குப் புண்ணாகிச் சீழ் பிடித்தது. தலையைத் திருப்ப முடியாமல் கிடந்தேன். புண் ஆறுவதற்குள் சோளம் அறுப்பு வந்துவிட்டது. அறுப்புக்குப் பிறகு பருத்தி எடுப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் அதோடு போயிற்று. காது வளர்ந்தது, படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் பிற்பாடு நானாகத் தேற்றிக்கொண்டது. இவ்வளவு விலை கொடுத்து வளர்த்த காதைத்தான் அறுக்கச் சொன்னார்கள்.

எனக்குக் கலியாணம் ஆனது சண்டைக் காலத்தில். பந்தல்குடிக்குப் பக்கத்திலிருந்து திருச்சுழிக்குத் தெற்கே ஒரு மானாவாரி ஊருக்கு வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரர் ரங்கூனில் ஒரு தமிழ் முதலாளியின் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் காடு மலையெல்லாம் கடந்து நடந்தே ஊர் வந்தவர். வந்த நாளில் கால் இரண்டும் பானை மாதிரி வீங்கியிருந்ததாம். தேறிய பிறகு என்னைக் கட்டினார். சண்டை முடிந்து மறுபடி கப்பல் விட்டதும் அதே முதலாளி கூப்பிட்டார்; போய்விட்டார். போகும்போது, "வீடு ஒண்ணு பாத்துட்டு எழுதுறேன். சின்னையாவோட கெளம்பி வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சின்னையா என்றது அவருடைய அப்பாவின் தம்பியை. எனக்குச் சின்ன மாமா. பெற்றவர்கள் இல்லாத என் வீட்டுக்காரரை வளர்த்தது சின்ன மாமாவும் அவர் சம்சாரம் சின்னத்தையும்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆக வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கட்டிய புருஷனோடு ஒரு வீட்டில் இருக்க வேண்டும். அதற்குச் சின்ன மாமா மனசு வைத்து என்னைக் கப்பலேற்ற வேண்டும். தனியாகப் போக எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் விடமாட்டார்கள்.

சின்ன மாமா சண்டைக்கு முந்தியே ரங்கூனில் பல வருஷம் இருந்து வந்தவர். எங்கள் ஊரில் ரங்கூனைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மடத்தில் அவர் உட்கார்ந்தால் சுற்றிலும் நாலு பேர் உட்கார்வார்கள். "அங்க இருக்கையில..." என்று ஆரம்பித்தால் வெயில் சாய்ந்துதான் எழுந்திருப்பார்.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். மழை வந்தால் சுவர் இடியுமோ என்று பயம். வராவிட்டால் கம்பு கருகுமோ என்று பயம். அப்படிப்பட்டவளைக் கடல் தாண்டிப் போ என்றால்? கப்பல் கவிழ்ந்தால்? அங்கே பிள்ளை பிறந்தால் யார் பார்ப்பது? மறுபடி குண்டு போட்டால் நானும் நடந்து வர வேண்டுமா? தாகம் எடுத்தால் தண்ணீருக்கு அவர்கள் பேச்சில் என்ன சொல்ல வேண்டும்? இதையெல்லாம் சின்ன மாமாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"மாமா, அங்க எல்லாம் மாடி வீடுன்னு சொல்றாகளே. வெளிக்குப் போகணும்னா எங்க போறது?"

கஞ்சிக் கும்பாவைக் கீழே வைத்துவிட்டார். "பொம்பளப் பிள்ள கேக்குற கேள்வியா ஆத்தா இது?"

"பொம்பளதான் மாமா கேக்கணும். ஆம்பளைக்கு எங்கயும் எடம் இருக்கு."

அடுப்படியில் சின்னத்தை இருமியது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"சரி மாமா, பர்மாக்காரங்க எப்படிப்பட்டவுக?"

"சோம்பேறிப் பயலுக. கையில நாலு காசு சேந்தா பட்டுத்துணியக் கட்டிக்கிட்டுக் கூத்துப் பாக்கப் போயிருவான்."

"பொம்பளைக?"

"வெக்கங்கெட்டவளுக. தெருவுல கடை போட்டு ஏவாரம் பண்ணுவாளுக. ஆம்பள கணக்காச் சுருட்டுக் குடிப்பாளுக."

வியாபாரம் பண்ணுவதில் என்ன வெட்கம் என்று எனக்குப் புரியவில்லை. அருப்புக்கோட்டையில் பருத்தி போடப் போனால் என் அம்மா தராசுக்காரனிடம் போடுகிற சண்டையில் கமிஷன் கடையே கூடிவிடும். அதை யாரும் வெட்கங்கெட்டது என்று சொன்னதில்லை.

கடைசியாக, என்னை ரொம்ப நாளாக அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "அவுகளுக்கு நம்மளப் பிடிக்குமா மாமா?"

"அவனுகளுக்குப் பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன? நம்ம தெருவுல நம்ம இருக்கப் போறோம்."

ஒரு ஊருக்குப் பிழைக்கப் போகிறோம். அந்த ஊர்க்காரனுக்கு நம்மைப் பிடிக்குமா என்று கேட்டால் இதுவா பதில்? ஒருவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் வாசலில் நின்று குரல் கொடுக்கிறோமே, அதுகூட வேண்டாமா? பயந்தவள் கேட்டாள் என்று சிரித்தார்கள். பயப்படாமல் போனவர்களுக்கு அந்த ஊரைப் பற்றி என்ன தெரிந்தது என்பதைத்தான் நான் பிற்பாடு பார்த்தேனே.

சின்னத்தையும் ரங்கூனுக்குப் போய்ச் சில மாதம் இருந்து வந்ததுதான். தண்ணீர் சேரவில்லை என்று திருப்பிக் கூட்டி வந்துவிட்டதாகச் சின்ன மாமா சொல்வார். "சின்னத்தையிட்டக் கேக்கவா?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "அவளுக்கென்ன தெரியும்? மாடியில அடைஞ்சு கெடந்தவ" என்றார். சின்னத்தை அதிகம் பேசாது. பேசினால் வெட்டும். அதனால் நானும் கிட்டப் போகவில்லை.

தை கழிந்து என் வீட்டுக்காரரிடமிருந்து கடுதாசி வந்தது. வீடு கிடைத்துவிட்டது, கிளம்பலாம் என்று. சின்ன மாமா கடுதாசியை மடித்து வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், சந்தையில் மாட்டைப் பார்க்கிற பார்வை.

"எல்லாஞ் சரி. இந்தக் காதோட உன்னைய எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

"காதுக்கு என்ன மாமா?"

"ரங்கூன்ல சிரிப்பாக."

"யாரு?"

"ஊரே சிரிக்கும். இப்படித் தொங்கத் தொங்கப் போட்டுக்கிட்டு டிராம் வண்டியில ஏறுனீன்னா பர்மாக்காரன் கை கொட்டிச் சிரிப்பான். மதுரையில ஆஸ்பத்திரியில அறுத்துத் தச்சு விடுறாகளாம். டவுனுப் பொம்பளைக எல்லாம் தச்சுக்கிட்டாளுக. தச்சாத்தான் கூட்டிப் போவேன்."

முற்றத்தில் கம்பு இடித்துக்கொண்டிருந்த சின்னத்தையின் உலக்கை நின்றது. சின்னத்தையின் காதில் தண்டட்டி ஆடுவதும் நின்றது. அப்புறம் முன்னைவிடப் பலமாக இடிக்க ஆரம்பித்தது.

நான் யோசிக்கவில்லையா என்று கேட்பீர்கள். யோசிப்பதற்கு எனக்கு என்ன வைத்திருந்தார்கள்? ஒரு பக்கம் காது, ஒரு பக்கம் புருஷன். அந்த நாட்டைப் பார்த்த மனிதர் சொல்கிறார், அந்த நாட்டு ஜனங்கள் சிரிப்பார்கள் என்று. போகிற இடத்தில் என்னால் என் வீட்டுக்காரருக்குத் தலைகுனிவு வந்துவிடுமோ என்ற பயம் வேறு. சரி என்றேன்.

அருப்புக்கோட்டைக்கு முதலில் போனோம். ரங்கூனுக்கு என்று எனக்கு ரவிக்கை தைக்கவும் சேலை எடுக்கவும். நெசவுக்காரர் ஒருவர் வீட்டிலேயே சேலை எடுத்தோம். அந்த வீட்டு அம்மாள் புருஷனிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு எங்களிடம் தமிழில் திரும்பினாள். எங்கே பிரயாணம், மதுரையில் என்ன வேலை என்று கேட்டாள். சின்ன மாமா பெருமையாகச் சொன்னார்.

"காதையா? நல்லாத்தானே இருக்கு!" என்றாள். "நாங்களும் எங்கிருந்தோ இந்த ஊருக்கு வந்தவுகதான். வீட்டுக்குள்ள தெலுங்கு, வெளிய தமிழு. அதுக்காக நாக்கையா அறுத்துப் போட்டோம்?"

"அது வேற, இது வேற" என்றார் சின்ன மாமா.

"என்ன வேற?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. கட்டிக் குடுங்க."

கரி போட்டு ஓட்டுகிற பஸ் அது. நின்று நின்று கரியைக் கிளறிக் கிளறி மதுரை போய்ச் சேர்ந்தபோது ரவிக்கையெல்லாம் கரித்தூள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். வலிக்காது என்றார்கள். அவர்கள் நல்லவர்கள்தான், அவர்களைச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று. உடம்பில் வேறு எங்கே அறுத்தாலும் வலியோடு போயிற்று. காதை அறுத்தால் அறுக்கிற சத்தமும் உள்ளே கேட்கிறது. நறுக்கென்று அது கேட்டபோது, குணுக்கு மாட்டிய அந்த வயதில் அழுத அழுகையெல்லாம் எதற்கு என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான்.

வெளியே வந்தேன். சின்ன மாமா வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார். கட்டுப் போட்டிருந்த என் தலையைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மனுசி மாதிரி இருக்கே" என்றார்.

கட்டு அவிழ்ப்பதற்குள் செய்தி என் அம்மாவுக்குப் போய்விட்டது. வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"அறுத்தது எங்கடி?"

"எதும்மா?"

"அறுத்த காது. அத என்ன செஞ்சாக?"

"தட்டுல போட்டு எடுத்துட்டுப் போயிட்டாகம்மா."

"நான் வளத்த காதுடி அது" என்றாள். பிறகு சின்ன மாமா இருந்த பக்கம் திரும்பி, "எம் மக புருசன் உசுரோட இருக்கையில அவளை மூளியாக்கிப்புட்டீகளே" என்றாள். என் தண்டட்டியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

மூளி என்றால் எங்கள் ஊரில் வெறுங்காதுக்காரி. புருஷனை இழந்தவளைப் போல நல்லது பொல்லாததில் முன்னே நிற்கக்கூடாதவள். அம்மா வைததை ஊரும் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டில் வளைகாப்பு. சந்தனக் கிண்ணம் வரிசையாக வந்தது. எனக்கு முன்னால் இருந்தவளுக்குப் பூசிவிட்டு எனக்குப் பின்னால் இருந்தவளுக்குப் போனது. "ரங்கூன் போறவ, இந்த மஞ்சளும் சந்தனமும் அவளுக்கு எதுக்கு?" என்று ஒருத்தி சிரித்தாள். ரங்கூனில் சிரிப்பார்கள் என்று அறுத்தேன். எங்கள் தெருவிலேயே சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு கப்பலும் அமையவில்லை. இடம் இல்லை, அடுத்த கப்பல் என்றார்கள். அம்மை குத்திய சீட்டு வேண்டும் என்றார்கள், குத்திக்கொண்டேன். ஏற்கெனவே அங்கே இருந்தவர்களுக்குத்தான் முதலில் இடம் என்றார்கள். போகாமலே நின்றுபோனால்? காதும் இல்லாமல், புருஷனும் இல்லாமல், இந்த ஊரில் மூளியாக எத்தனை காலம்? அந்த நேரம் பார்த்து இடது காது சீழ் பிடித்தது, சின்ன வயதில் பிடித்த அதே காது.

சின்னத்தைதான் வேப்பெண்ணெய் காய்ச்சித் துணியில் நனைத்து ஒற்றி எடுத்தது. எரிச்சல் தாங்காமல் நான் கத்திவிட்டேன். "இம்புட்டும் பட்டு, அங்க போனப்பறம் இந்தத் தழும்பப் பாத்துச் சிரிச்சா என்ன செய்ய?"

"எவடி சிரிக்கப் போறா?"

"பர்மாக்காரிக."

சின்னத்தை துணியைக் கீழே வைத்தது. "பர்மாக்காரி காத நீ பாத்திருக்கியா?"

"நான் எங்க பாத்தேன்?"

"நான் பாத்திருக்கேன். அங்க கெழவிகளுக்குக் காதுல எம்மாம் பெரிய ஓட்டை தெரியுமா? இந்தா, இந்தக் கட்டவிரலு போகும். உருண்டையா என்னமோ அதுக்குள்ள சொருகிக்கிடுவாளுக. எங்க மாடிக்குக் கீழ ஒருத்தி வாழப்பழம் வித்தா. சுருட்டப் பாதி குடிச்சு அணைச்சு, மிச்சத்தக் காதோட்டையில சொருகி வச்சுக்கிடுவா. மொத நாளு நான் படியெறங்குறேன். எங் காதப் பாத்தா. தலையச் சாச்சு அவ காதக் காட்டுனா. ரெண்டு பேரும் சிரிச்சோம். எந் தண்டட்டியக் கழத்தி அவ காதுல மாட்டிப் பாத்தோம், நிக்கல. பெறகு நித்தமும் ஒரு பழம் குடுப்பா. சோறு தின்னுட்டியான்னு அவ பேச்சுல கேப்பா. அது எனக்கு இன்னமும் தெரியும்."

சொல்லியும் காட்டியது. தமின் சாப் பிபிலா. சின்னத்தை வாயில் அப்படி ஒரு சொல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ரங்கூனில் எத்தனையோ வருஷம் இருந்த சின்ன மாமா வாயில் விலை கேட்கிற சொல்லைத் தவிர வேறு ஒரு சொல்லை நான் கேட்டதில்லை.

"இத ஏன் முன்னாடியே சொல்லல சின்னத்தே?"

"நீ எங்கிட்டக் கேட்டியா? ரங்கூன்னா அவுக, கேப்பக்களின்னா நானு. அப்படித்தான பிரிச்சு வச்சிருக்கீக?" மறுபடி துணியை எடுத்து அழுத்தி ஒற்றியது. "எங் காதையும் அறுக்கத்தான் சொன்னாக. மாட்டேன்னேன். அடுத்த கப்பல்ல திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாக. தண்ணி சேரலையாம், தண்ணி! நீயும் மாட்டேன்னு சொல்லுவேன்னு பாத்தேன். நீ பஸ்ஸுல ஏறிட்டே."

"மாட்டேன்னிருந்தா எனக்கும் அதே கதிதான சின்னத்தே?"

சின்னத்தை அடுத்த துணியை எடுத்து எண்ணெயில் நனைத்தது.

சின்ன மாமா வாசலில் இரண்டு மூன்று பேரோடு பேசிக்கொண்டிருந்தார். ரங்கூன் அரிசியைப் பற்றி. நான் காதில் எண்ணெய் வழிய வழிய வெளியே போனேன். பெரியவர்கள் முன்னால் அப்படிப் போய் நின்றது அதுதான் முதல் தடவை. இருந்தும் கேட்டேன்.

"மாமா, ரங்கூன்ல சின்னத்தையப் பாத்து யாரு சிரிச்சா?"

"யாரு என்ன சொன்னது உனக்கு?"

"பர்மாக்காரியா சிரிச்சா?"

அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலேயே வந்த சின்னத்தை சொன்னது. "கோயில் பூசைக்குப் போனோம். மொதலாளி வீட்டுப் பொம்பளைக, கணக்கப்பிள்ள பொண்டாட்டி, எல்லாம் நம்ம தமிழ் ஆளுக. இது காதா தொட்டிலான்னு கேட்டா ஒருத்தி. இதுல எம் பிள்ளையப் போட்டு ஆட்டலாமான்னா இன்னொருத்தி. இவுக வேட்டிய ஒதறிக்கிட்டு எந்திரிச்சுட்டாக."

வாசலில் இருந்தவர்கள் கீழே பார்த்துக்கொண்டார்கள்.

"நான் அவுக மத்தியிலதான பொழைக்கணும்?" என்றார் சின்ன மாமா. குரல் இறங்கியிருந்தது. "பர்மாக்காரனா எனக்குச் சம்பளம் குடுத்தான்?"

"அப்ப அதச் சொல்லியிருக்கலாம்ல மாமா? ஒண்ணுமறியாத பர்மாக்காரன் மேல ஏன் பழியப் போட்டீக?"

"நம்ம ஆளுக சிரிப்பாகன்னு சொன்னா நீ அறுத்திருப்பியா?"

அறுத்திருக்க மாட்டேன். நம் ஆள் சிரித்தால் திருப்பிக் கேட்க எனக்கு வாய் இருக்கிறது. உன் பாட்டி காதைப் போய்ப் பாரடி என்று சொல்லியிருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான், எனக்குத் தெரியாத ஜனங்களை, நான் கேட்டுக் கேட்டு அவர் சொல்லாமல் விட்ட ஜனங்களைக் கொண்டுவந்து என் முன்னால் பூச்சாண்டியாக நிறுத்தியிருக்கிறார். ஒரு நாட்டு மனிதர்களைத் தெரிந்துகொள்ள முயலாதது ஒரு தப்பு. தெரியாததை வைத்து என்னைப் பயமுறுத்தி என் சதையை அறுக்க வைத்தது எந்தக் கணக்கில் சேர்த்தி?

"சிரிக்கட்டும்னு சொல்லியிருப்பேன்" என்றேன். "இனிமே நீங்க ரங்கூனப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப நீ போகவும் வேண்டாம். நான் கூட்டிட்டுப் போகல. எவன் கூட்டிட்டுப் போறான்னு பாக்கேன்."

இதற்குத்தானே பயந்து இத்தனையும் செய்தேன். வாயை விட்டுக் கெடுத்துக்கொண்டேனே என்று சுவரைப் பிடித்தேன்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றது சின்னத்தை.

"நீயா?"

"ஏன்? எனக்கு வழி தெரியும். திரும்பி வந்த வழிதான?"

"பொம்பளைக ரெண்டு பேரும் கப்பலேறப் போறீகளாக்கும்?"

"கெட்டிக்காரவுக நீங்க இங்கன இருந்து ரங்கூன் கதை சொல்லுங்க. கேக்கத்தான் ஆளு இருக்கே."

வாசலில் இருந்த ஒருவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் உடனே எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று போய்விட்டார். சின்ன மாமா மூன்று நாலு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் தானாகவே மூன்று பேர் பிரயாணத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு வந்தார். ஊர் முன்னால் தன்னை விட்டுவிட்டுப் பொம்பளைகள் கப்பலேறினார்கள் என்ற பேச்சை அவரால் தாங்க முடியாது. நாங்கள் சிரிக்கவில்லை. எங்களுக்குக் கப்பல்தான் வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் நான் சின்னத்தையிடம் கேட்டுத் தீர்த்தேன். தண்ணீருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. மாடியிலேயே பின்கட்டில் கழிப்பிடம் இருக்கும், ஆள் வந்து சுத்தம் பண்ணுவான் என்று தெரிந்தது. அந்த ஊர்ப் பெண்கள் கட்டிக்கொண்ட பிறகும் தம் கடையைத் தாமே வைத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தது. அவர்களுக்கு நம்மைப் பிடிக்குமா என்று கேட்டதற்கு மட்டும் சின்னத்தை கொஞ்சம் யோசித்தது. "நம்ம ஆளுக வட்டிக்கு விட்டு வயக்காட்டையெல்லாம் வாங்கிப்புட்டாகன்னு கோவம் இருக்கு. இருக்காதா? நம்ம காட்ட ஒருத்தன் இப்படி வாங்குனா நீ அவனுக்குச் சந்தனம் பூசுவியா?"

இதைச் சொல்ல ஒரு ஆள் எங்கள் வீட்டு அடுப்படியிலேயே இத்தனை நாளும் இருந்திருக்கிறது.

விருதுபட்டிக்குப் பஸ், அங்கிருந்து சென்னைப் பட்டணத்துக்கு ரயில், பிறகு கப்பல். கப்பலில் சின்ன மாமா எங்களோடு வராதவர் மாதிரி மேல்தட்டின் மறுகோடியில் உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டுக்கு மட்டும் வந்தார்.

துறைமுகத்தில் என் வீட்டுக்காரர் நின்றார். எத்தனையோ நினைத்துக்கொண்டு இறங்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், காதைப் பார்த்தார்.

"காதுக்கு என்ன ஆச்சு?"

"ரங்கூன்காரங்க சிரிப்பாகளாம்."

"எந்த ரங்கூன்காரன்?"

சின்ன மாமா பெட்டியின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

வீட்டுக்குப் போனபின் கேட்டேன், இந்த ஊர்க் கிழவிகளுக்குக் காதில் பெரிய துளை இருப்பது உங்களுக்குத் தெரியாதா என்று. "கவனிச்சதில்லையே. கடைக்கு வந்தா அவுக கையத்தான் பாப்பேன், எந்தத் துணியத் தொடுறாகன்னு" என்றார். வளர்த்தவர் அவருக்குக் காட்டிய ரங்கூன் அவ்வளவுதான். அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் அவரோடு ஒரு வீட்டில் இருக்கத்தானே வந்தேன். கோபத்தோடேயே இருந்தேன்.

சின்னத்தை இருந்த பழைய வீடு குண்டில் போய்விட்டது. கீழே பழம் விற்றவளைப் பற்றிச் சொல்ல அந்தத் தெருவில் யாரும் இல்லை. சின்னத்தை கொஞ்ச நேரம் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "மார்க்கெட்டுக்குப் போவோம்" என்றது.

நாலு பேரும் போனோம். மார்க்கெட்டில் வேறொரு கிழவி வாழைத்தாரை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தாள். காதுத் துளையில், சின்னத்தை சொன்னபடியே, அணைந்த சுருட்டுத் துண்டு. சின்னத்தையின் காதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. தலையைச் சாய்த்துச் சுருட்டை உருவிக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. தன் காதை விரலால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்காக?" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"தெரியலையே. வெலை சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

"வலிச்சுச்சான்னு கேக்கா" என்றது சின்னத்தை.

"உங்களுக்கு அம்புட்டுப் பர்மாப் பேச்சுத் தெரியுமா சின்னத்தே?"

"தெரியாது. வேற என்னத்தக் கேப்பா?"

என் அம்மா அறுத்தது எங்கே என்று கேட்டாள். என் புருஷன் என்ன ஆச்சு என்று கேட்டார். இதை இதுவரை யாரும் கேட்கவில்லை. சின்ன மாமா நாலடி தள்ளி நின்று எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிச்சுச்சுன்னு சொல்லுங்க சின்னத்தே" என்றேன். "அங்கன நிக்கிறவுகளுக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லுங்க."